காவிரித் துறைகளில் விசிறி வந்த வரலாறு

மேட்டூர் அணையை விட்டு இறங்கும் காவிரி, மோகனூரைக் கடக்கும் வரை சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு எல்லைக் கோடாகவே ஓடுகிறது. ஒரு கரை நம்முடையது; எதிர்க்கரை முதலில் ஈரோட்டுக்கும், பின்னர்க் கரூருக்கும் உரியது. மாவட்ட எல்லைகள் அரசிதழில் எழுதப்பட்டவை. மக்களின் உறவுகளோ ஆற்றைக் குறுக்காகக் கடப்பவை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குச் செல்வதும், நூல் வாங்குவதும், ஆடிப் பெருக்கன்று கூடுதுறைக்கு நடப்பதும் என எல்லாவற்றுக்கும் அக்கரை வேண்டும். ஆகவே துறைகள் இருந்தன. துறைகளில் பரிசல்கள் இருந்தன. இவற்றுள் சில துறைகளில் மட்டும் பரிசலின் இடத்தை விசைப்படகு பிடித்துக்கொண்டது. பலவற்றில் அது நுழையவே இல்லை. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

இலக்கியம் பேசும் இடத்தில் படகின் விசிறிக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். அண்மைக் காலத்தில் நம் நண்பர் வட்டத்திலேயே இருவர் படகு வாங்கியுள்ளனர். ஒருவர் மீன் வளர்ப்புக்காக, மற்றவர் ஆசைக்காக. இருவரும் முதல் கோடையிலேயே விசிறியைப் பாறையில் மோதி வளைத்துக்கொண்டு வந்தனர். அவர்களுக்கு விடை தேடப் புகுந்தபோது அதற்குள் ஒரு வரலாறே இருக்கக் கண்டோம். அதனையே இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் பரிசல். மூங்கிலைப் பிளந்து, வட்டமாக முடைந்து, வெளிப்புறம் எருமைத் தோல் போர்த்திய கூடை அது. பின்னாளில் தோலின் இடத்தைத் தார் பூசிய துணியும் பிளாஸ்டிக் தாளும் பிடித்தன. இன்று கண்ணாடியிழைப் பரிசல்களும் மிதக்கின்றன. விசயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியப் பயணி தோமிங்கோ பயஸ், 1520களில் துங்கபத்திரையில் இதே வட்டக் கூடைகளைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். பதினைந்து, இருபது பேரை அவை ஏற்றிச் செல்லும் என்றும், தேவையெனில் குதிரையும் எருதும்கூட அவற்றில் கடக்கும் என்றும் அவர் குறித்துள்ளார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசல்களை டைகிரிஸ் ஆற்றின் வட்டப் படகுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர். நம் துறைகளில் நாம் பொருட்படுத்தாமல் ஏறி இறங்கிய கூடைக்கு இத்துணைப் பெரிய உறவினர் கூட்டம் உண்டு என்பதை அவர் எழுத்தால்தான் பலரும் அறிந்தனர்.

பரிசலைப் பார்ப்போர் அதன் எளிமையை வியப்பர். அதனைக் கருவியாகக் கருதி ஆய்வோர் அதன் அடிப்பகுதியை வியப்பர். அதற்குக் கீழ் எதுவும் இல்லை! முதுகெலும்புக் கட்டை இல்லை, சுக்கான் இல்லை, நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. ஓரடி நீர் இருந்தால் போதும், ஓடும். பாறையில் தட்டினால் வளைந்து கொடுக்கும். கிழிந்தால் கரையிலேயே ஒட்டுப் போட்டுவிடலாம். நீர் வற்றிய இடத்தில் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம். இந்த ஆற்றின் படுகை எத்தகையது என்பதற்குப் பரிசலின் வடிவமே சான்று. ஒகேனக்கல் தொடங்கிப் பவானிக்குக் கீழ் வரையிலும் காவிரி கற்படுகையில்தான் இறங்கி வருகிறது. வெள்ளக் காலத்தில் அகன்று பெருகும் அதே ஆறு, கோடையில் பாறைகளுக்கிடையே வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து ஓடும்.

இதற்குச் சொற்சான்றும் உண்டு. ஆற்றின் நடுவே எழும் திட்டினை நம் முன்னோர் 'துருத்தி' என்றனர். சோழநாட்டுக் காவிரிக் கரையில் திருத்துருத்தியும் திருப்பூந்துருத்தியும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன. நம் பக்கத்தில் குதிரைக்கல்மேடு என்றோர் ஊர்ப்பெயர் உள்ளது. ஊர்ப்பெயரிலேயே கல்லும் மேடும் இருக்கும் இடத்தில், விசிறி பூட்டிய படகை விடுபவர் அப்பெயரைச் சற்று நின்று படித்துவிட்டுச் செல்வது நலம்.

விசிறி என்று நாம் குறிப்பது படகின் அடியில் சுழன்று நீரைப் பின்னுக்குத் தள்ளும் புரொப்பல்லரைத்தான். அதன் வரலாறே ஒரு முறிவிலிருந்து தொடங்குகிறது என்றால் வியப்பாக இருக்கும். இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்னும் வேளாளர் 1836இல் திருகு வடிவ உந்திக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஜான் எரிக்சனும் தம் அமைப்பைப் பதிவு செய்தார். ஸ்மித் அமைத்தது மரத்தாலான நீண்ட திருகு. இரண்டு முழுச் சுற்றுகள் கொண்டது. 1837இன் தொடக்கத்தில் பாடிங்டன் கால்வாயில் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தபோது அத்திருகு நீருக்குள் எதன்மீதோ மோதியது. பாதித் திருகு ஒடிந்து போயிற்று. படகு நிற்கும் என எதிர்பார்த்தோர்க்கு அதிர்ச்சி... படகு முன்னிலும் விரைந்து ஓடியது! நீண்ட திருகைவிடக் குறுகிய திருகே நீரைச் செம்மையாகத் தள்ளும் என்பதை அந்த விபத்தே உணர்த்திற்று. இன்றைய மூவிதழ் விசிறிகள் எல்லாம் அந்த ஒடிந்த திருகின் வழித்தோன்றல்கள் எனலாம்.

எனினும் எல்லா முறிவுகளும் இவ்வளவு நல்லூழ் கொண்டவையல்ல. புரூனல் வடிவமைத்த 'கிரேட் பிரிட்டன்' என்னும் இரும்புக் கப்பல், 1845இல் அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது ஆறு இதழ்கள் கொண்ட தன் விசிறியின் இதழ்களை ஒவ்வொன்றாக இழந்தது. பின்னர் நான்கிதழ் வார்ப்பிரும்பு விசிறி பூட்டப்பட்டது. அதே 1845இல்தான் பிரித்தானியக் கடற்படை, விசிறி பூட்டிய 'ராட்லர்' கப்பலையும் பக்கச் சக்கரம் கொண்ட 'அலெக்டோ' கப்பலையும் பின்புறம் பின்புறமாகக் கட்டி இழுக்கவிட்டுப் பார்த்தது. ராட்லர் அலெக்டோவைத் தரதரவென்று பின்னோக்கி இழுத்துச் சென்றது. ஆழ்கடலில் விசிறியின் ஆட்சி அன்றே உறுதியாயிற்று.

ஆறுகளின் நிலை வேறு. ஆழமும் சமநிலமும் உள்ள ஆறுகளில் நீராவிப் படகுகள் செழித்தன. கற்படுகை ஆறுகளோ அவற்றைத் திருப்பி அனுப்பின. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு கோதாவரி. அவ்வாற்றின் மேற்பகுதியைப் பாறைத் தடைகளைக் கடந்து படகுப் பாதையாக்க ஆர்தர் காட்டனும் அவர் வழிவந்த ஹெய்க்கும் பெருமுயற்சி செய்தனர். கால்வாய்களும் தடுப்புகளும் வெட்டப்பட்டன, பெரும்பொருள் செலவாயிற்று. 1871இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. காவிரியின் நம் பகுதியில் அப்படியொரு கனவை எவரும் பெரிதாகக் காணவில்லை என்பதே ஒருவகையில் நல்லறிவு.

காவிரியில் விசிறிக்கு இடம் செய்து கொடுத்தவை அணைகள். அதிலும் முதலாவது மேட்டூர். 1925இல் பணி தொடங்கி, 1934 ஆகஸ்டு 21 அன்று அன்றைய சென்னை ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தார். நீர்த்தேக்கம் அவர் பெயராலேயே வழங்குகிறது. 120 அடி உயரத்திற்கு நீர் நின்றால் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கரையிலிருந்து நோக்கினால் கடல் போலத் தோன்றும் பரப்பு. பாறையும் சுழலும் மறைந்து, ஆழமும் அமைதியும் கிடைத்துவிட்டன. பன்னவாடித் துறையிலிருந்து தருமபுரி மாவட்டத்து நாகமரைக்கு நீரின்மேல் செல்லும் வழி அன்றாட வழியாயிற்று.

ஆனால் இந்நீர்த்தேக்கத்தின் தரை எது? ஊர்கள்! அணை கட்டப்பட்டபோது மூழ்கியவை வயல்கள் மட்டுமல்ல. வீடுகளும் கோயில்களும் தேவாலயமும்தாம். மக்கள் வேறிடங்களில் குடியேறினர். கற்கட்டடங்கள் அங்கேயே நின்றுவிட்டன. பன்னவாடியில் சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் நீர் தாழும் ஆண்டுகளில் வெளிவந்து காட்சி தருகின்றன. செய்தித்தாள்கள் அப்படங்களை வெளியிடும். மக்கள் கூட்டமாகச் சென்று பார்த்து வருவர். 2017 கோடையில் நீர்த்தேக்கம் ஏறத்தாழ வறண்டு, அணையின் வரலாற்றில் முதன்முறையாகத் தூர்வாரும் பணி தொடங்கப்பட்டது. அவ்வாண்டு நந்தி முழு உருவோடு வெயிலில் நின்றது.

காண்பதற்கு உருக்கமான இக்காட்சியைப் படகோட்டியின் கண்ணால் ஒருமுறை பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். நீர்மட்டம் 120 அடியாக இருக்கும்போது நந்தி வெகு ஆழத்தில் கிடக்கிறது, படகுக்கு இடரில்லை. நீர் முற்றும் வடிந்தால் நந்தி கண்ணுக்குத் தெரிகிறது. அப்போதும் இடரில்லை, விலகிச் செல்லலாம். இவ்விரண்டுக்கும் இடையே, நந்தியின் தலைக்கு மேல் ஓரடியோ ஈரடியோ நீர் நிற்கும் சில நாள்கள் உண்டு. அந்நாள்களில்தான் கல் கண்ணுக்குத் தெரியாது. விசிறிக்கு மட்டும் தெரியும். ஒரே கல், ஒரே இடம். நீர்மட்டத்தின் எண் ஒன்றே அதனைப் பகையாகவும் பகையன்றாகவும் ஆக்குகிறது. தேக்கடியில் 1895இல் பெரியாற்று அணை எழுந்தபின் நீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் ஏரியெங்கும் நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அங்கும் இதே கணக்குத்தான். நீர்மட்ட அறிக்கையை நாள்தோறும் படிக்கும் பழக்கம் உழவர்களுக்கு உண்டு; படகு வைத்திருப்போர்க்கு அது இன்னும் இன்றியமையாதது.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் உரிமம் பெற்று மீன் பிடிப்போர் இவ்வளவு பரந்த நீரிலும் பரிசலையே நம்பி வந்திருப்பதன் காரணங்களுள் செலவு ஒன்று. இந்தத் தரை மற்றொன்று என்பது நம் துணிபு.

அணைக்குக் கீழே ஓடும் ஆறு நெடுங்காலம் பரிசல் ஆறாகவே இருந்தது. அதனை மாற்றியவை கதவணைகள். மின்சாரத்திற்காக 1980களின் இறுதியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் ஆற்றின் குறுக்கே கதவுகள் எழுந்தன. பின்னர்ப் பவானிக்குக் கீழே சமயசங்கிலி, வெண்டிபாளையம், சோழசிராமணி ஆகியவை தொடர்ந்தன. ஓடிய ஆறு படிப்படியாக நின்ற ஏரிகளாயிற்று. நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை தேக்கிய நீரில்தான் இடைப்பாடி வட்டத்துப் பூலாம்பட்டிக்கும் அக்கரைக்கும் விசைப்படகு ஓடுகிறது. தொழிலாளர், மாணவர், சந்தைக்காரர், இருசக்கர வண்டிகள் என எல்லாம் ஏறும். பாலத்தின் வழியே சுற்றினால் ஆகும் நேரத்தை இப்படகு சில நிமிடங்களாகச் சுருக்கிவிடுகிறது. தென்னஞ்சோலையும் நீர்ப்பரப்புமாக இவ்விடத்தைக் 'குட்டி கேரளம்' என்று அழைத்துச் சுற்றுலாவாக வருவோரும் மிகுதி. (ஊரின் பெயரே அழகாக இருக்க, இன்னோர் ஊரின் குட்டியாக அதனை ஏன் அழைக்க வேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை.)

ஆகவே நாம் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. நீர் நின்ற துறைகளில் விசிறி நுழைந்தது. நீர் ஓடிய துறைகளில் பரிசல் நிலைத்தது. ஆயினும் கதவணை பாறையை அகற்றவில்லை. மூடி மறைத்திருக்கிறது, அவ்வளவே. கதவணைப் பராமரிப்புக்காகக் கோடையில் நீரை வடிக்கும்போது படகுப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. அப்போது துறைக்குச் செல்வோர், தாம் மிதந்து சென்ற பாதையின் அடியில் என்ன இருந்தது என்பதைக் காணலாம். நாம் மாணவர்களோடு அப்படியொரு நாளில் சென்றிருந்தோம். யானைக் கூட்டம் படுத்திருப்பது போலக் கரும்பாறைகள்! அவற்றுள் சிலவற்றின் முதுகில் இரும்பு உராய்ந்த வெண்கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

பாறை இருக்கத்தான் செய்யும். விசிறியும் ஓடத்தான் வேண்டும். இம்முரணைத் தீர்க்கப் பொறியாளர்கள் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, மோதும்போது மலிவான உறுப்பு முதலில் முறியுமாறு செய்வது. மற்றொன்று, விசிறியையே நீரிலிருந்து தூக்குவது.

அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909 அளவில் படகின் பின்புறத்தில் தொங்கவிடும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவுட்போர்டு என்று நம் கடற்கரையெங்கும் வழங்குவது இதுதான். இவ்வகை இயந்திரங்கள் இரண்டு வழிகளையும் ஏற்றன. முழு இயந்திரமும் கீல் போலச் சாய்ந்து மேலெழும். சிறிய இயந்திரங்களில் விசிறியையும் தண்டையும் இணைப்பது மெல்லிய ஊசி ஒன்று. கல்லில் மோதினால் அவ்வூசி அறுந்துவிடும், விசிறி நின்றுவிடும், உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் பிழைக்கும். பெரிய இயந்திரங்களில் அவ்வேலையை விசிறியின் நடுவே உள்ள ரப்பர் புஷ் செய்கிறது. ஊசி அறுந்ததும் கையில் கிடைத்த ஆணியைச் செருகிக்கொண்டு ஓட்டுவோர் நம்மிடையே உண்டு. ஃபியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைக் கட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அடுத்த கல்லில் போவது ஊசியன்று, பற்சக்கரப் பெட்டி.

அவுட்போர்டின் தூக்கும் வசதியையும், படகுக்குள் அமரும் பெரிய இயந்திரத்தின் வலிமையையும் ஒன்றாக்கியது ஸ்டெர்ன் டிரைவ் எனப்படும் அமைப்பு. இயந்திரம் படகின் உள்ளே பின்பக்கம் இருக்கும். அதன் தண்டு பின்பலகையைத் துளைத்து வெளிவந்து, அங்கே தொங்கும் காலோடு இணையும். காலின் அடியில் விசிறி. இக்கால் பக்கவாட்டில் திரும்பும், எனவே தனிச் சுக்கான் வேண்டா, மேலேயும் எழும். அமெரிக்கரான ஜிம் வின் வகுத்த இவ்வமைப்பை வால்வோ பென்ட்டா நிறுவனம் 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. ஓரிரு ஆண்டுகளில் மெர்க்ரூசரும் வந்து சேர்ந்தது.

நம் தமிழகக் கரையிலும் இதே சிந்தனை வேறு வடிவில் முளைத்தது என்பது பலர் அறியாத செய்தி. உலக உணவு, வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. துறைமுகம் இல்லாத மணற்கரையில், அலைகளைத் தாண்டி வந்து ஏறும் மீன்பிடி படகுக்கு டீசல் இயந்திரம் எப்படிப் பூட்டுவது என்பது அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்களுள் ஒன்று. கரையேறும்போது விசிறி மணலில் புதைந்து முறியும். 1980களில் அவர்கள் உருவாக்கிய கருவியில் விசிறியும் தண்டும் மேலே தூக்கிக்கொள்ளத்தக்கவையாக அமைந்தன. திட்டத்தின் பெயரைச் சுருக்கி 'பாப் டிரைவ்' என்றனர். செல்வர்களின் உல்லாசப் படகுக்கு நியூயார்க்கில் தேவைப்பட்டதும், கட்டுமர மீனவருக்குச் சோழமண்டலக் கரையில் தேவைப்பட்டதும் ஒன்றேதான்: அடி தட்டும்போது விசிறியைக் காக்க ஒரு வழி.

இனி, புதிதாகப் படகு வாங்கிய நண்பர்களின் வினாவுக்கு வருவோம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தார்க்கு இதனை விளக்குவது மிக எளிது. லாரியும் ரிக்கும் அறிந்த மண் இது. புரொப்பல்லர் ஷாஃப்ட், யு.ஜே. கிராஸ், கிரவுன் பினியன், ஆயில் சீல் ஆகிய சொற்கள் இங்கே பள்ளிச் சிறுவர்க்கும் தெரியும். ஸ்டெர்ன் டிரைவின் காலைப் பிரித்தால் உள்ளே இருப்பவை இவைதாம். இயந்திரத்திலிருந்து வரும் தண்டில் யு.ஜே.; மேலே ஒரு கூம்புப் பற்சக்கரத் தொகுதி சுழற்சியைக் கீழ்நோக்கித் திருப்புகிறது; கீழே மற்றொரு தொகுதி அதனைப் பின்னோக்கித் திருப்பி விசிறிக்குத் தருகிறது. கியர் ஆயிலில் மூழ்கிய இரண்டு சிறு கிரவுன் பினியன்கள் என்று கொள்க. லாரிக்கும் இதற்கும் உள்ள ஒரே பெரிய வேறுபாடு, இது நீருக்குள் வாழ்கிறது என்பதே.

எனவே முதல் பகை நீர். விசிறியின் இதழ் சற்று வளைந்தாலும் சுழற்சி சமநிலை இழக்கும், படகு நடுங்கும். நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவோர் பலர். அந்நடுக்கம் தண்டின் வழியே சென்று ஆயில் சீலைத் தின்னும். சீல் வழியே நீர் புகும். ஆயில் பால் கலந்தது போல வெளுக்கும். ஆண்டுக்கு ஒருமுறையோ நூறு மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறையோ கியர் ஆயிலை மாற்றும்போது முதலில் வடியும் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் படகை இறக்க வேண்டா. சீலை மாற்றிய பின்பே அடுத்த பேச்சு.

இரண்டாவது பகை நைலான். காவிரியில் வலைத்துண்டுக்கும் தூண்டில் நரம்புக்கும் குறைவில்லை. விசிறிக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொள்ளும் நரம்பு, சூட்டில் உருகிச் சீலை அறுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றி, நரம்பை நீக்கி, தண்டின் வரிப்பற்களுக்கு நீர் தாங்கும் கிரீஸ் தடவிப் பூட்டுவது அரைமணி வேலை. கழற்றிய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மீண்டும் போடாதீர், புதியது போடுக.

ஆகாயத்தாமரை படர்ந்த துறைகளில் குளிர்நீர் உறிஞ்சும் வாய் அடைபடும். உள்ளே நீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லர், நீரின்றி ஓடினால் ஒரு நிமிடத்திற்குள்ளேயே கருகத் தொடங்கிவிடும். கரையில் வைத்து, குழாய் நீர் இணைக்காமல், 'ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே' என்பவர்களால் அழிந்த இம்பெல்லர்கள் பல.

அடுத்தது, நாம் மிகவும் விரும்பும் உறுப்பு. யு.ஜே. இருக்கும் இடத்தில் நீர் புகாதபடி மடிப்பு மடிப்பான ரப்பர்க் குழல் ஒன்று போர்த்தப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் பெல்லோஸ். நம் மொழியில் துருத்தி. கொல்லன் உலையில் காற்றை ஊதுவதும் துருத்தி. ஆற்றின் நடுவே நிற்கும் திட்டும் துருத்தி. இந்த ஆற்றுத் துருத்தியில் மோதினால் அந்த ரப்பர்த் துருத்தி கிழியும் என்று சொல்லத் தமிழ் ஒன்றே இடம் தருகிறது! விளையாட்டு ஒருபுறம் இருக்க, இது கிழிந்தால் பேரிங்கு துருப்பிடிப்பதோடு நில்லாது. நீர் படகுக்குள்ளேயே வரும். கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கும். ஆண்டுதோறும் மடிப்புகளை விரித்து வெடிப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெடிப்பில்லாவிடினும் மாற்றிவிட வேண்டும். கரையில் ஏற்றி வைக்கும்போது காலைத் தாழ்த்தியே வைத்தல் வேண்டும். தூக்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் ரப்பர் ஒருபுறம் இழுபட்டே நிற்கும். ஆழம் குறைந்த இடத்தில் காலை உயர்த்தி ஓட்டும்போது மிக மெல்லச் செல்க. சாய்ந்த யு.ஜே. மீது முழு விசை கொடுத்தால் என்னவாகும் என்பதை ஏற்காட்டு மலைப்பாதையில் லாரி ஓட்டியவரிடம் கேட்டால் சொல்வார்.

விசிறியின் உலோகத்தைப் பற்றி ஒரு சொல். சேலத்தார்க்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மீது தனிப் பற்று, உருக்காலை நம்முடையதாயிற்றே. ஆயினும் கற்படுகை ஆற்றுக்கு அலுமினிய விசிறியே தக்கது என்போம். அலுமினியம் தான் வளைந்து பற்சக்கரத்தைக் காக்கும். ஸ்டெயின்லெஸ் தான் நின்று அடியை உள்ளே அனுப்பும். விளிம்பில் சிறு சிதைவென்றால் அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். இதழே வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தும் ஆசையை அடக்கிக்கொண்டு, உற்பத்தியாளர் குறித்த அதே விட்டமும் அதே புரியிடையும் கொண்ட மாற்று விசிறியைப் பூட்டுக. புரியிடை என்பது ஒரு சுற்றில் விசிறி முன்னேறக்கூடிய தொலைவு. அது மாறினால் இயந்திரம் திணறும் அல்லது வெறியோடு சுழலும். அரிப்பைத் தாங்குவதற்காகக் காலில் பொருத்தும் பலிக்கட்டியும் கவனத்திற்குரியது. கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம். கடற்கரையிலிருந்து பழைய படகை வாங்கி வந்து காவிரியில் விடுவோர் இதனை மாற்ற மறந்துவிடுகின்றனர்.

மணலிலோ கல்லிலோ தட்டிவிட்டால் முதலில் இயந்திரத்தை நிறுத்துக. பின்னோக்கி முழு விசை கொடுத்து மீள முயன்றால் மணல் முழுவதும் இம்பெல்லருக்குள் போகும். காலைத் தூக்கி, கோலால் ஊன்றித் தள்ளி, ஆழத்திற்கு வந்தபின் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்து, பிறகு தொடங்குக.

இவற்றையெல்லாம் பணத்தைக் காக்கும் வழிகளாக மட்டும் எண்ணிவிடலாகாது. ஏரியில் விசிறி முறிந்தால் படகு நிற்கும். ஆற்றில் விசிறி முறிந்தால் படகு போகும். நீர் போகும் திசையில் போகும். நம் துறைகளில் நீர் போகும் திசையில் இருப்பவை கதவுகள். 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்து, காவிரி பவானி, குமாரபாளையம் தெருக்களில் புகுந்த நாள்களில் விசைப்படகுகளை நிறுத்தி வைத்ததன் காரணம் இதுவே. வெள்ளமில்லா நாளிலும் கதவணைக்கு மேலே ஐம்பது பேரோடு நடுவாற்றில் ரப்பர் புஷ் வழுக்கினால், இயந்திரம் உறுமும், படகு நகராது. அந்த நேரத்தில் பயன்படுபவை நங்கூரமும் நீண்ட கயிறும் இரண்டு துடுப்புகளும்தாம். பரிசலில் துடுப்பு இல்லாமல் எவரும் ஏறமாட்டார். விசைப்படகில் இயந்திரம் இருக்கிறதே என்று துடுப்பைக் கரையில் விட்டுச் செல்வோரைக் கண்டிருக்கிறோம்.

சட்டமும் இதனோடு தொடர்புடையது. உள்நாட்டு நீராவிப் படகுகளுக்கென 1917இல் இயற்றப்பட்ட சட்டமே நெடுங்காலம் நம் ஆறுகளில் ஆண்டது. அதன் இடத்தில் 2021இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்துள்ளது. பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு ஆகியவை விசைப்படகுக்குக் கட்டாயம். இயந்திரமில்லாக் கலங்களுக்கும் அச்சட்டத்தில் தனிப் பகுதி உண்டு. படகு வாங்கும் முன்பே இவற்றை விசாரித்துவிடுவது அலைச்சலைக் குறைக்கும்.

பரிசல்காரர்கள் பாதையை எழுதி வைத்ததில்லை. கோல் ஊன்றி ஊன்றி, எந்த மாதத்தில் எந்தக் கல்லின்மேல் எவ்வளவு நீர் என்பதைக் கைவழியே அறிந்தவர்கள் அவர்கள். பாலங்கள் பெருகப் பெருகத் துறைகள் குறைகின்றன. அவர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் பட்டறைகளுக்கும் சென்றுவிட்டனர். மரபுப்படி மேட்டூர்ப் பாசனத் திறப்பு சனவரி 28இல் முடிந்து சூன் 12இல் தொடங்கும். அவ்விடைவெளியில் ஆறு மெலியும். கதவணைப் பராமரிப்புக்காக நீர் வடியும் நாள்களும் கோடையில் வருபவையே. படகு வாங்கிய நண்பர்கள் அந்நாள்களில் ஒன்றில், துறையில் மிஞ்சியிருக்கும் முதிய பரிசல்காரர் ஒருவரை உரிய கூலி கொடுத்து அழைத்துக்கொண்டு, தாம் படகோட்டும் வழியெங்கும் காலால் நடந்து பார்க்க வேண்டுகிறோம். கையில் ஒரு குறிப்பேடும், சுண்ணாம்பும், நீர்மட்டம் குறிக்க ஓர் அளவுகோலும் இருந்தால் போதும். அவர் நின்று காட்டும் ஒவ்வொரு கல்லின் உயரத்தையும், அதனை அவர் அழைக்கும் பெயரையும் சேர்த்தே எழுதிக்கொள்க.